கையெழுத்துக்கு முன் இரண்டு சொற்கள்

தோட்டம் விற்கப்பட்டு ஆட்குறைப்பு வரும்போது நீட்டப்படும் ஆங்கிலத் தாளில் 'வேய்வ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கடல் அலைக்கும் கையசைப்பதற்கும் உரிய சொல்லும் இதே ஒலிதான். காதால் கேட்டுப் பிரிக்க முடியாது. எழுத்தில் 'ஏ'க்கு அடுத்து 'ஐ' நின்றால், பொருள் வேறு: உரிமையைத் தானே விட்டுக்கொடுப்பது.

இன்னொன்று 'எக்ஸ் கிரேஷியா'. லத்தீன் சொல்; 'டி' எழுத்தை 'ஷ' என ஒலிக்க வேண்டும். கடமையில்லாமல் கருணையாகத் தரும் பணம் என்று பொருள். ஆனால் மலேசியாவின் 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆட்குறைப்பின்போது ஆண்டுக்கு 20 நாள் சம்பளமாவது சேர வேண்டும். அது கருணைப் பணமல்ல. அந்தத் தொகையையே 'எக்ஸ் கிரேஷியா' என்று எழுதியிருந்தால், முதலில் தொழிற்சங்கத்தாரிடம் காட்டுங்கள், கையெழுத்து பிறகு.