வேலியா, முறமா?

கோயமுத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில்தான் கணபதி இருக்கிறது. பம்பு, மோட்டார் ஆகியவற்றின் பாகங்களைச் செய்யும் சிறு பட்டறைகள் இப்பகுதியில் பல உண்டு. அப்படிப்பட்ட பட்டறை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் உரிமையாளர் தம் மின்னஞ்சல் முகவரியை இணையதளத்தில் வெளியிடுகிறார். சில வாரங்களில் அஞ்சல் பெட்டி நிரம்பி வழிகிறது. ஆனால் வந்தவை ஆர்டர்கள் அல்ல! 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது', 'உடனே கடன் தருகிறோம்' என்னும் வேண்டாத கடிதங்கள். இவற்றையே 'ஸ்பாம்' என்கிறோம். இவர்களுக்கு முகவரி எப்படிக் கிடைத்தது?

முகவரி அறுவடை

1978ஆம் ஆண்டு மே மாதம், இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில், கேரி துயர்க் என்னும் கணிப்பொறி விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். ஸ்பாமின் தொடக்கம் இதுவே என்பர். அன்று முகவரிகளைக் கையால் தட்டெழுத வேண்டியிருந்தது. இன்று அவ்வேலையைச் செய்வது 'அறுவடை நிரல்'. அது ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து எழுத்து எழுத்தாகத் துழாவும். @ என்னும் குறியும், அதன் முன்னும் பின்னும் இடைவெளியின்றி எழுத்துகளும், இறுதிப் பகுதியில் ஒரு புள்ளியும் இருந்தால் அது முகவரி எனக் கொண்டு பட்டியலில் சேர்க்கும். பிறகு அப்பக்கத்தின் இணைப்புகள் வழியே அடுத்த பக்கத்துக்குத் தாவும்.

வேலி கட்டுதல்

அறுவடை நிரலை ஏமாற்ற ஒரு வழி உண்டு. இந்திய அரசின் பல இணையதளங்களில் @ குறிக்குப் பதிலாக அடைப்புக்குறிக்குள் 'அட்' என்றும், புள்ளிக்குப் பதிலாக 'டாட்' என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மனிதருக்கு விளங்கும், எளிய நிரலுக்கு விளங்காது. முகவரியைப் படமாக வெளியிடுவதும் உண்டு.

இது பயன் தருமா? அமெரிக்காவிலுள்ள ஜனநாயகம், தொழில்நுட்ப மையம் இதைச் சோதித்து 2003இல் அறிக்கை வெளியிட்டது. இணையதளங்களில் அப்படியே இட்ட முகவரிகளுக்கே ஸ்பாமின் பெரும்பகுதி வந்தது. மறைத்து எழுதியவை தப்பின.

ஆனால் வேலியிலும் ஓட்டை உண்டு. 'அட்' என்பதை @ ஆக மாற்றிக்கொள்ளும் நிரலை எழுதுவது கடினமன்று. பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளுக்குப் படத்திலுள்ள முகவரி எட்டாது. நண்பர் ஒருவரின் கணிப்பொறி வைரஸுக்கு இரையானால், அதிலுள்ள நம் முகவரியும் களவு போகும். ஒருமுறை வெளியேறிய முகவரியைத் திரும்ப மறைக்கவும் முடியாது.

முறத்தால் புடைத்தல்

எனவே வந்த கடிதங்களைப் பதர் நீக்கிப் புடைக்க வேண்டியிருக்கிறது. இதற்குத்தான் 'ஸ்பாம் வடிகட்டி'. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேயஸின் நிகழ்தகவுத் தேற்றம் இங்கே உதவுகிறது. 2002இல் பால் கிரகாம் எழுதிய கட்டுரைக்குப் பின் இம்முறை பரவலாயிற்று.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 100 ஸ்பாம் கடிதங்களில் 40இலும், 100 நல்ல கடிதங்களில் 2இலும் 'பரிசு' என்னும் சொல் இருப்பதாகக் கொள்வோம். இரு வகைக் கடிதங்களும் சம அளவில் வருகின்றன என்றால், அச்சொல் உள்ள கடிதம் ஸ்பாமாக இருக்கும் வாய்ப்பு 42இல் 40, அதாவது சுமார் 95 விழுக்காடு. அதே கடிதத்தில் 'மோட்டார்' என்னும் சொல்லும் இருக்கிறது. அது 100 ஸ்பாமில் 1இலும், 100 நல்ல கடிதங்களில் 30இலும் வருகிறது. இரு சொற்களும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டு பெருக்கினால், ஸ்பாம் பக்கம் 40 × 1 = 40; நல்ல பக்கம் 2 × 30 = 60. வாய்ப்பு 40 விழுக்காடாக இறங்கிவிட்டது! 'உங்கள் மோட்டாருக்குக் கண்காட்சியில் பரிசு' என எழுதிய வாடிக்கையாளர் தப்பினார்.

ஆனால் 'மோட்டார்' என்னும் சொல்லை அவர் எழுதாமல் விட்டிருந்தால்? பதரோடு மணியும் பறந்திருக்கும். ஸ்பாம் ஒன்று உள்ளே வந்தால் ஒரு நொடி வீண். நல்ல ஆர்டர் ஒன்று தொலைந்தால் பலருக்கு ஒரு வாரக் கூலி வீண். இரு பிழைகளும் சமமல்ல. ஆகவேதான் நல்ல வடிகட்டி, ஐயத்துக்குரியதை அழித்துவிடாமல் தனிப் பெட்டியில் ஒதுக்கி வைக்கிறது.

இரண்டும் வேண்டும்

வேலி ஆட்டைத் தடுக்கும். ஆனால் களை முளைப்பதைத் தடுக்காது. முறம் பதரை நீக்கும். ஆனால் குவியல் மலையானால் கை ஓயும். தனி முகவரியை மறைத்து வையுங்கள். வணிக முகவரியை வாடிக்கையாளர் காண வெளியிட்டு, வடிகட்டியிடம் காவலை விடுங்கள். ஸ்பாமுக்குப் பதில் எழுதாதீர்கள். எழுதினால், 'இம்முகவரி உயிரோடு இருக்கிறது' என்று நீங்களே அறிவித்ததாகும். வாரம் ஒருமுறையேனும் ஒதுக்கிய பெட்டியைத் திறந்து பாருங்கள். பதரின் நடுவே உங்கள் நண்பரின் கடிதம் காத்திருக்கலாம்.