பாம்புக்குச் சட்டை கிழிந்தால்...

நமக்குச் சட்டை கிழிந்தால் தீபாவளி வரை தள்ளிப்போடலாம். காலர் நைந்துபோனதும் திருப்பித் தைத்துப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போன ஆசாமிகள் நம்மில் உண்டு. பாம்புக்கு அந்தச் சலுகை கிடையாது. குறித்த நேரத்தில் கழற்றியே ஆகவேண்டும். அதுவும் பீஸ் பீஸாக அல்ல. மூக்கு நுனியில் ஆரம்பித்து வால் நுனி வரை ஒரே உருவல், காலுறையைத் திருப்பிக் கழற்றுகிற மாதிரி. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான். அதுகூட சட்டையோடு சேர்ந்து வந்துவிடும்.

வராமல் போனால்?

நியூஜெர்ஸியில் இருக்கும் என் காலேஜ் சிநேகிதனுக்கு இந்தப் பிரச்னை வந்தது. பையன் பிறந்தநாளுக்கு நாய் கேட்டிருக்கிறான். நாய் என்றால் தினமும் வாக்கிங் கூட்டிப் போகணுமே என்று கணக்குப் போட்டு, பாம்பு வாங்கிக் கொடுத்துவிட்டான் இவன். அமெரிக்காவில் அதெல்லாம் சகஜம். (விசா வாங்கி வைத்திருந்த மாமியார் பயணத்தை ரத்து செய்ததைச் சொன்னபோது அவன் குரலில் பெரிய துக்கம் தெரியவில்லை.)

வாங்கியது பால் பைத்தான். உடனே புற்றுக்கு ஊற்றுகிற பால் ஞாபகம் வரவேண்டாம். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். சாப்பாடு எலி, குடிப்பது பச்சைத் தண்ணீர். விஷம் கிடையாது.

"டேய், தோலு திட்டுத் திட்டா ஒட்டிக்கிட்டு நிக்குது. கண்ணு வேற மங்கலா இருக்கு. தேங்காயெண்ணெய் தடவலாமா?" என்றான் போனில்.

பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று நாலு நாள் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் தெரிந்தது இதுதான்: வளர்ப்புப் பாம்புக்குத் தோல் வியாதி என்றால் பத்துக்கு ஒன்பது தடவை வியாதி தோலில் இல்லை, வீட்டில் இருக்கிறது. பேரேட்டில் தப்பு வைத்துக்கொண்டு பேலன்ஸ் ஷீட்டை ரப்பர் போட்டு அழித்து என்ன பிரயோஜனம்?

பால் பைத்தானின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா - கானா, டோகோ, பெனின் பக்கம். பகலில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் முடங்கிக் கிடக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் வளைக்குள்ளே ஈரக்காற்று. அதைக் கொண்டுபோய் நியூஜெர்ஸி குளிர்காலத்தில், இரவு பகலாக ஹீட்டர் ஓடும் வீட்டில், வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில், தலைக்கு மேல் விளக்கும் எரியவிட்டு வைத்தால் என்ன ஆகும்? மனுஷனுக்கே உதடு வெடிக்கும். பாம்பு அப்பளமாகிவிடும்.

அதற்குக் காற்றில் ஏறக்குறைய 60 சதவீத ஈரப்பதம் வேண்டும். சட்டை உரிக்கிற சமயத்தில் இன்னும் கொஞ்சம் கூட. கண் நீலம் பாய்ந்து மங்கினால் 'சட்டை மாற்றப் போகிறேன்' என்று நோட்டீஸ் கொடுக்கிறது என்று அர்த்தம். அப்போது தொட்டியில் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, வாசல் வெட்டி, உள்ளே ஈரப்பாசி போட்டு வைத்தால் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். வலை மூடியில் பாதியை அடைத்து, தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்கினாலே பாதி பிரச்னை தீர்ந்துவிடும். ஈரமானி ஒன்று அவசியம், கண்திட்டம் உதவாது.

ஒட்டி நிற்கிற தோலைப் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான ஈரத்துண்டுக்குள் அரைமணி நேரம் ஊர விட்டால் அதுவாகக் கழன்று வரும். வால் நுனியில் மோதிரம் மாதிரி தோல் நின்றுவிட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு நுனியே உதிர்ந்துவிடலாம். கண் செதிலை மட்டும் இடுக்கி வைத்து இழுக்கவே கூடாது. கண் போய்விடும். அது டாக்டர் வேலை.

சொன்னேன். நண்பன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. தினம் மூன்று வேளை ஸ்பிரேயால் தொட்டியை நனைத்திருக்கிறான். அடுத்த மாசம் மறுபடி போன். "வயித்துல செவப்பு செவப்பா கொப்புளம்டா!"

ஈரக்காற்று வேறு, ஈரத்தரை வேறு. நனைந்த தரையில், அசிங்கத்தில் நாள்கணக்காகப் படுத்திருந்தால் வயிற்றுச் செதில்களில் பாக்டீரியா குடியேறிவிடும். செதில் அழுகல் என்பார்கள். விட்டால் கிருமி ரத்தத்துக்குள் போய் ஆளையே முடித்துவிடும். இந்தத் தடவை, "என்னைக் கேட்காதே, டாக்டரிடம் போ" என்றேன். அவர் ஆன்ட்டிபயாடிக் ஊசி போட்டு, பொவிடோன் அயோடினை இளம் டீ நிறத்துக்குத் தண்ணீர் கலந்து கழுவச் சொல்லி, தரையில் வெறும் காகிதம் விரித்துத் தினமும் மாற்றச் சொன்னார். கூடவே, தொட்டியில் ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி இருக்க வேண்டும் என்று கண்டிப்பு. பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்து வரவேண்டும். குளிரில் கிடந்தால் நோயை எதிர்க்கும் சக்தியே படுத்துவிடும். ஊசி மட்டும் என்ன செய்யும்? மொத்த பில் பாம்பு விலையைத் தாண்டிவிட்டதாம். பாம்பு பிழைத்தது.

சூடு வேண்டும் என்பதற்காக வெறும் சூடேற்றும் பட்டையைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் பட்டை கொதிக்கும். பாம்பு நகராமல் அதன் மேலேயே படுத்து வெந்துபோகும்.

இன்னொரு வில்லன் உண்ணி. மிளகுத்தூள் தூவின மாதிரி கண்ணோரத்திலும் தாடைக்கடியிலும் கறுப்புப் புள்ளிகள். பாம்பு ஓயாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் போய்ப் படுத்தால் சந்தேகப்படுங்கள். இது ரத்தத்தைக் குடிப்பது பாம்பின் மேல், முட்டை இடுவது தொட்டி இடுக்கில். அதனால் பாம்பை மட்டும் கழுவிப் பலனில்லை. மரத்தூள், மரப்பட்டை எல்லாவற்றையும் தூக்கி எறிந்து தொட்டியையே சுத்தம் செய்யவேண்டும். கரப்பான் மருந்து அடித்தால் உண்ணியோடு பாம்பும் போய்விடலாம்.

இத்தனை பாடும் ஒரு வருஷம், இரண்டு வருஷத்துக்கல்ல. இது இருபது, முப்பது வருஷம் வாழ்கிற ஜீவன். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் 62 வயசு மதிக்கத்தக்க ஒரு பால் பைத்தான் பாட்டி, 2020-ல் ஏழு முட்டை போட்டாள். ஆண் துணையைப் பார்த்தே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது!

இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்றால், நம் ஊர் இளைஞர்களுக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பெண்மணியின் பெட்டியில் 22 பாம்புகள், கூடவே ஒரு பச்சோந்தி. அதே வருஷம் ஜூலையில் திருச்சி ஏர்போர்ட்டில் ஒரு பயணியின் பையில் 47 மலைப்பாம்புகள். டப்பாவுக்குள் அடைசல், தண்ணீர் கிடையாது, ஒன்றுக்கு உண்ணி இருந்தால் எல்லாவற்றுக்கும். அப்படி வருவதைத்தான் 'சூப்பர் கலர் சார், கைக்கு அடக்கம்' என்று செல்போனில் படம் அனுப்பி விற்கிறார்கள்.

நல்லபாம்பு, சாரை, நம்ம ஊர் மலைப்பாம்பு எதையும் வீட்டில் வைத்திருந்தால் வனவிலங்குச் சட்டப்படி ஜெயில். பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டுச் சரக்குக்கும் 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அரசாங்கத்தில் பதிவு செய்யவேண்டும். ஆகவே, படம் அனுப்புகிறவரிடம் விலை கேட்பதற்கு முன்னால் பேப்பர் இருக்கிறதா என்று கேளுங்கள். அநேகமாக அதற்கப்புறம் அவர் உங்கள் போனை எடுக்கமாட்டார்.