ஆண்டவர் யார்? ஆள் யார்?

புதுக்கோட்டைச் சீமையிலே குன்றாண்டார்கோவில் என்றோர் ஊர். பாறையைக் குடைந்த கோவில் உண்டு; சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர்போலக் கல்மண்டபம் உண்டு. கலையழகைப் பேசப் பலர் உளர். நாம் பேச வந்தது பெயரைப் பற்றி.

குன்றை ஆண்டார், குன்றாண்டார். பள்ளி வாசலை மிதிக்காத பாட்டிக்கும் புரியும். உள்ளே இருப்பவருக்கோ, பர்வதகிரீசுவரர் என்று திருநாமம்! பர்வதமும் மலை, கிரியும் மலை. இரண்டு மலையைத் தூக்கி வைத்தும் அந்தக் குன்றின் உயரம் வரவில்லையே!

ஆளுதல் என்றால் அரசோச்சுவது மட்டுமல்ல. ஒன்றைத் தனதாக்கி வைத்திருப்பதும் ஆளுதலே. பெரியபுராணத்திலே, திருவெண்ணெய்நல்லூர் வழக்கிலே, ஆவணத்தோடும் சாட்சியோடும் ஆட்சியும் சான்றாக எண்ணப்படுகிறது. அந்த ஆட்சி, அமைச்சரவை அல்ல, அனுபவ உரிமை. கிரயப் பத்திரத்திலே 'ஆண்டு அனுபவித்து' என்று எழுதுகிறாரே பத்திர எழுத்தர், அதே பொருள்.

இந்தச் சொல் கையிலிருக்க, வடமொழியிலிருந்து 'சுவாதீனம்' வந்தது. அரபு மொழியிலிருந்து 'ஜப்தி' வந்தது. நீதிமன்றத் தாளை வாங்கிய உழவன், அதன் பொருளை அறிவது எப்போது? கொட்டிலிலிருந்து மாட்டை அவிழ்க்கும்போது!

சொல்தான் புரியவில்லை, சட்டமாவது புரிகிறதா? 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, தனியார் நிலத்தை உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாது 12 ஆண்டு ஆண்டால், மீட்கக் கேட்கும் அவரது உரிமை போய்விடும். ஆண்டு ஆண்டாக ஆண்டவனுக்கு நிலம்! ஆனால் குத்தகைக்கு உழுதவன் 50 ஆண்டு உழுதாலும் இந்தக் கணக்கிலே சேரான். ஏன்? அவன் அனுமதி பெற்று இறங்கியவனாம். அத்துமீறியவனுக்குத் திறக்கும் கதவு, அடக்கத்தோடு வாரம் அளந்தவனுக்குத் திறவாது!

வெளியேற்றத்திலிருந்து காக்க 1955இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாய்மொழிக் குத்தகைக்குச் சான்றேது? எனவே 1969இல், குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் வந்தது.

ஆள் என்னும் பெயர்ச்சொல்லுக்கு வேர் வேறு என்பர் மொழியறிஞர். ஆளுதல் தெலுங்கிலே 'ஏலு' ஆகிறது என்று காட்டுவர். இருக்கலாம். வயலிலே இரண்டும் எதிரெதிரே நின்றன: வரப்பிலே ஆண்டை, சேற்றிலே ஆள்.

தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். கலெக்டர் மாவட்ட ஆட்சியர் ஆனார். மகிழ்கிறோம். அந்த ஆட்சியர் வைத்திருக்கும் குத்தகைப் பதிவேட்டிலே, சேற்றில் நிற்பவன் பெயர் ஏறியிருக்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.