எத்தனை வாட்?

மடிமேல் கணினி – 7

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மகளிடமிருந்து போன். கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது அவள் தொழில். கடையில் நின்றபடியே பேசினாள்.

"சித்தப்பா, ரெண்டு லேப்டாப் எடுத்து வெச்சிருக்காங்க. ரெண்டுலயும் ஒரே ப்ராசஸர், ஒரே கிராபிக்ஸ் கார்டு, ஒரே ரேம். ஒண்ணு மட்டும் முப்பதாயிரம் ஜாஸ்தி. அதுதான் தடிமனாவும் இருக்கு. ஒல்லியா இருக்கறதையே எடுத்துக்கட்டுமா?"

"ரெண்டோட சார்ஜர்லயும் எத்தனை வாட்னு போட்டிருக்கு, பார்த்துச் சொல்லும்மா."

அட்டைப்பெட்டி பிரிக்கும் சத்தம் கேட்டது. "ஒல்லியானதுக்கு 140. தடியானதுக்கு 240."

அவள் கேள்விக்கு விடை அதிலேயே இருந்தது.

சென்ற வாரம் கோர், கேச் பற்றியெல்லாம் பார்த்தோம். அவை சிப்புக்குள் இருப்பவை. அந்தச் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் ஊட்டுவது என்பதை முடிவு செய்பவர் சிப் செய்தவர் அல்ல, லேப்டாப் செய்தவர். ஏஎம்டியின் ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370 என்ற ப்ராசஸரை 15 வாட்டிலிருந்து 54 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ளலாம். என்விடியாவின் லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் சிப்புக்கு 35 முதல் 115 வாட் வரை இடம் உண்டு. 35 வாட்டில் ஓடினாலும் 115 வாட்டில் ஓடினாலும் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றுதான். வாங்குபவரை இதைவிடப் பெரிதாகக் குழப்பும் விஷயம் லேப்டாப் சந்தையில் வேறில்லை என்பேன்.

இந்த எண்களை வீட்டுச் சாமானோடு வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். பழைய சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். இன்டெல்லின் கோர் அல்ட்ரா 9 275எச்எக்ஸ் முழு மூச்சில் ஓடும்போது 160 வாட் வரை போகலாம். இரண்டு சீலிங் ஃபேனுக்கான மின்சாரம், நகத்தளவு சிலிக்கானில். அது அத்தனையும் சூடாக மாறி வெளியே வந்தாக வேண்டும்.

வராவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். சில வருடங்களுக்கு முன்பு, வரிசையிலேயே உயர்ந்த எண் போட்ட ப்ராசஸர் என்று நம்பி மெல்லிய லேப்டாப் ஒன்றை வாங்கினேன். ஒரு மணி நேர வீடியோவை ரெண்டர் போட்டால் முதல் நாலைந்து நிமிடம் பறக்கும். பிறகு கீபோர்டின் மேல் வரிசையில் விரல் வைக்க முடியாது, ஃபேன் அலறும், வேகம் பாதிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். கெட்டுப்போகாமல் தன்னைக் காத்துக்கொள்ளச் சிப்பே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

ஒருநாள் அடிமூடியின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். பென்சிலைத் தட்டியதுபோல ஒரே ஒரு செம்புக் குழாய், அதன் முனையில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய உலோகத் தகடுகள், பக்கத்தில் சிறிய ஃபேன். தகடுகளின் வாயில் தூசி படிந்து படிந்து தலையணைப் பஞ்சுபோல் இறுகியிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது ஒரே பட்டையாக வந்தது. சுத்தம் செய்து, சிப்பின் மேல் காய்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன். கொஞ்சம் முன்னேற்றம். ஆனால் ஒரு குழாய் இரண்டாகிவிடவில்லை.

வேகத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள கணக்கைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும். சிப்பின் வேகம் ஏறினால் மின்செலவும் அதே விகிதத்தில் ஏறும். வோல்டேஜ் ஏறினாலோ அதன் வர்க்கமாக ஏறும். உச்சத்துக்குப் பக்கத்தில் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் வோல்டேஜையும் கூட்டாமல் முடியாது. இரண்டையும் 20 சதவீதம் கூட்டிப் பாருங்கள்: 1.2 × 1.2 × 1.2 என்றால் 1.73. இருபது சதவீத வேகத்துக்காக எழுபத்து மூன்று சதவீத மின்சாரம் கூடுதல்.

இந்தக் கணக்கோடு இன்டெல் மோதிய கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் அதன் பென்டியம் 4, கிகாஹெர்ட்ஸை ஏற்றிக்கொண்டே போவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதே காலத்தில் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த இன்டெல் குழு, டிம்னா என்ற மலிவு விலைச் சிப்பை உருவாக்கிக்கொண்டிருந்தது. 2000-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை, லேப்டாப்புக்கென்றே ஒரு ப்ராசஸர். பென்டியம் 4-இன் பாதையில் போகாமல், பென்டியம் 3 வழிவந்த வடிவமைப்பை எடுத்துச் செதுக்கினார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை நடக்க வேண்டும். வேலை இல்லாத பகுதி மின்சாரம் தின்னக் கூடாது. 2003 மார்ச்சில் பென்டியம் எம் என்ற பெயரில் அது வெளிவந்தது. 1.6 கிகாஹெர்ட்ஸ், 24.5 வாட். 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 லேப்டாப்புகளுக்கு அது ஈடுகொடுத்தது. அடுத்த வருடமே, பென்டியம் 4-க்கு வாரிசாக வரவிருந்த டெஜாஸ் சிப்பை இன்டெல் ரத்து செய்தது. 2006-இல் வந்த கோர் 2 ப்ராசஸர்கள் ஹைஃபாவின் வழியில் வந்தவை. லேப்டாப்புக்காகச் சிக்கனமாகச் செய்த வடிவமைப்பு மேஜைக் கணினிக்கும் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 அதே பாடத்தை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அது பொருத்தப்பட்ட மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது.

இன்று அலுவலக வேலைக்கும் பயணத்துக்கும் லேப்டாப் தேடுபவருக்கு, விண்டோஸ் பக்கத்தில் இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசை நல்ல தேர்வு. பெரும்பாலானவற்றில் அடிப்படை 17 வாட், உச்சம் 37. எட்டே கோர்கள் என்பதால் பெரிய ரெண்டர் வேலைக்கு ஆகாது. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: ரேம் ப்ராசஸரோடு சேர்ந்தே வருகிறது, 16 அல்லது 32 ஜிபி. பிறகு கூட்டவே முடியாது. ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் 32-ஐ எடுப்பதுதான் நல்லது. குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட்டும் சிக்கனமானதுதான். ஆனால் அது ஏஆர்எம் வகை. உங்கள் பழைய பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் அதற்கான டிரைவர் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேம் விளையாடுகிறவர்கள் ப்ராசஸருக்கு முன்னால் கிராபிக்ஸ் சிப்பையும் அதன் வாட்டையும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு கேச். சமையலில் கடுகுக்கும் சீரகத்துக்கும் ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஓட முடியாது, அஞ்சறைப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ரேம் கடை, கேச் அஞ்சறைப்பெட்டி. ஏஎம்டி தன் ரைசன் 9 9955எச்எக்ஸ்3டி ப்ராசஸரில் கேச் நினைவகத்தை அடுக்கி வைத்து, மூன்றாம் நிலைக் கேச்சை மட்டும் 128 எம்பி ஆக்கியிருக்கிறது. அடுத்து எந்தத் தகவல் தேவைப்படும் என்று கணிக்க முடியாத கேம்களில் இது நன்றாகவே கைகொடுக்கிறது.

பேட்டரியில் கேம் ஆடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் 100 வாட்-மணி வரையிலான பேட்டரியைத்தான் கொண்டுபோகலாம். அதனால் மிகப் பெரிய லேப்டாப்பிலும் பேட்டரி அந்த எல்லைக்குள் நின்றுவிடுகிறது. மொத்தமாக 200 வாட் இழுத்தால் அரை மணி நேரம். அதுவும் பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலான கேமிங் லேப்டாப்புகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கனமான எடிட்டிங், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுவது போன்ற வேலைகளுக்கு நினைவகத்தின் அளவும் அகலமும் முக்கியம். ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ்+ 395, 128 ஜிபி வரை நினைவகத்தை ஏற்கும். நொடிக்கு 256 ஜிபி தகவல் அதில் போய்வரும். ஆப்பிளின் எம்4 மேக்ஸ் உயர் ரகத்தில் அது 546 ஜிபி. விலையும் அதற்கேற்றபடிதான்.

அண்ணன் மகளுக்கு அவ்வளவு தேவையில்லை. அவளுக்கு வேண்டியது, இரவில் ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் வீடியோ தயாராக இருப்பது. லேப்டாப் மேஜையை விட்டு நகரப்போவதும் இல்லை. தடியானதையே எடுத்தாள். அன்று ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நான் எப்போதோ வாங்கிக் கொடுத்த வாட் மீட்டர் சுவர் பிளக்கில் மாட்டியிருந்தது. அதில் 182.

கீழே எழுதியிருந்தாள்: "முக்கால் மணி நேரமா இதே நம்பர்தான் சித்தப்பா. இறங்கவே இல்ல."