விடைபெறும் சொல்

மும்பை மாதுங்காவில் பல்லாண்டு வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்று கொல்கத்தாவுக்கு மாற்றலாகிறது என்று கொள்வோம். இரயில் வழி ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். சாமான்களைக் கட்டி அனுப்புதல் எளிது. அண்டை அயலாரிடம் விடைபெறுதலே அரிது.

நாம் புறப்படுகையில் 'போகிறேன்' என்பதில்லை. 'போய் வருகிறேன்' என்கிறோம். வெறுமனே போதல் மீளாமையைக் குறிக்கும் என்று அச்சொல்லைத் தவிர்ப்பது நம் மரபு. இது நமக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கர் 'வெள்ளி வஸ்தானு' என்பர். மராத்தியர் 'யேத்தோ' என்றும், அவர்தம் பெண்டிர் 'யேத்தே' என்றும் கூறிப் படியிறங்குவர். 'வருகிறேன்' என்பதே பொருள். வங்காளியரின் 'ஆஷி'யும் அப்பொருளதே.

மீண்டு வருதல் உறுதியில்லாதபோது இச்சொல் பொய்யாகாதா? ஆகாது. ஊர் திரும்புவதை அன்று, உறவு முறியாமையையே அது உணர்த்துகிறது. ஆதலின், இரயிலடிப் பரபரப்பில் கூறாது, முன்னதாகவே வீடுதோறும் சென்று கூறுதல் நலம். இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாமல் சிறிது சர்க்கரையிட்டுக் கொடுப்போம். மராத்தி அண்டை வீட்டாரிடம் அவர் மொழியிலேயே விடைபெறுவோம். குழந்தைகளும் தம் தோழரிடம் தாமே சொல்லிக்கொள்ளட்டும்.

கொல்கத்தாவில் புதிய அண்டை வீட்டார் நம்மைக் காண வந்து, எழுந்திருக்கையில் 'ஆஷி' என்பர். அச்சொல் நமக்குப் புதிதாய் இராது.