முன்னதும் பின்னதும்

கார்த்திகைத் தீபத்தன்று மாலை, நம் அண்ணாமலையார் கோயிலில் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளக் கொடிமரத்தருகே அகண்ட தீபம் ஏற்றுவர். அந்த அடையாளத்திற்குப் பின்னரே மலையுச்சியில் மகாதீபம் ஒளிரும். இவ்வரிசை பிறழலாகாது. கணிப்பொறி இயக்க முறைமையின் உட்கருவாகிய கெர்னலிலும் இத்தகைய வரிசை தேவை.

ஒரு செயலி நினைவகத்தில் முதலில் தகவலையும், அடுத்து 'தகவல் தயார்' எனும் அடையாளத்தையும் எழுதுவதாகக் கொள்வோம். மற்றொரு செயலி அடையாளத்தைக் கண்டபின் தகவலைப் படிக்கும். ஆனால் வேகம் கருதிச் செயலிகள் வரிசையை மாற்றுவதுண்டு. அப்போது அடையாளம் முந்திவிடும்; படிக்கப்படுவதோ பழைய தகவல்!

இதைத் தவிர்ப்பதே 'மெமரி பேரியர்' எனும் நினைவகத் தடுப்பு. எழுதும் செயலி தகவலுக்கும் அடையாளத்துக்கும் இடையிலும், படிக்கும் செயலி அடையாளத்துக்கும் தகவலுக்கும் இடையிலும் இதை அமைத்தல் வேண்டும். ஒருபுறம் மட்டும் அமைத்தால் போதாது.

இன்டெல் செயலிகள் சாதாரணமாக எழுதும் வரிசையைக் காப்பவை. ஆகவே தடுப்பை மறந்த நிரலும் அங்கே ஓடிவிடக்கூடும். கைப்பேசிகளிலுள்ள ஆர்ம் செயலிகளிலோ, சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலி பின்பற்றும் ரிஸ்க்-வி விதிகளிலோ அவ்வுறுதி இல்லை. ரிஸ்க்-வியில் தடுப்புக் கட்டளையின் பெயரே 'ஃபென்ஸ்', அதாவது வேலி.

எனவே நண்பர்களே, 'என் கணிப்பொறியில் ஓடியது' என்பது மட்டுமே நிரலின் சரிமைக்குச் சான்றாகாது.