மனையுறை சிலந்தியும் மனித உழைப்பும்

சிலந்தியின் தொழில் நெசவாளியின் தொழிலை ஒத்திருப்பினும், தான் ஆக்கவிருப்பதை முன்னரே மனத்தில் உருவாக்கிக்கொள்வதனால் மனிதன் வேறுபடுகின்றான் என்பதை 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திற் கார்ல் மார்க்ஸ் விளக்கியுள்ளார். இவ்வொப்பீட்டை அறிந்தோர் பலர். எனினும், நம்முடன் ஒரே கூரையின்கீழ் வாழும் சிலந்தியின் வாழ்விடமே மனித உழைப்பின் விளைபொருள் என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை.

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டை வீதியில் அமைந்துள்ள குச்சவெளி போன்ற கரையோர ஊர்களின் வீடுகளில் இருவகைச் சிலந்திகளை எளிதிற் காணலாம். ஒன்று, கூரை மூலையில் ஒழுங்கற்ற வலை பின்னும் நெடுங்காற் சிலந்தி. தீண்டினால் உடலை விரைந்து அதிர்க்கும், நுளம்புகளை உண்ணும். மற்றையது வேட்டைச் சிலந்தி. இது இரைபிடிக்க வலை பின்னுவதில்லை. இரவிற் கரப்பானைத் துரத்திப் பிடிக்கும். பெண் சிலந்தி வட்டமான முட்டைப் பையைத் தன் உடலின்கீழ்ச் சுமந்து திரியும். இவ்விரண்டும் மனிதருக்குப் பெருந்தீங்கு விளைப்பனவல்ல.

வேட்டைச் சிலந்தியை 1767 இல் லின்னேயசு விவரித்தார். ஆசிய வெப்பநாடுகளுக்குரியதெனக் கருதப்படும் இது, சரக்குக் கப்பல்களில் ஏறி உலகின் வெப்பவலயத் துறைமுகங்கள் பலவற்றிலும் குடியேறிற்று. உலகச் சந்தையை உருவாக்கிய கப்பல்களே இச்சிலந்தியின் உலகையும் விரித்தன எனலாம்.

போரும் காடழிப்பும் இவ்வுறவை வேறொரு வகையில் மாற்றின. வடக்கே மாங்குளத்தில், 2009 இல் ஊரவர் ஒருவர் ஆய்வாளரிடம் இறந்த பெருஞ்சிலந்தியொன்றைக் கொணர்ந்து கொடுத்தார். கால்களை விரித்தால் ஏறத்தாழ 20 செ.மீ. அகலமுடைய அது, 2012 இற் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. முதுமரப் பொந்துகளே இதன் இயல்பான உறைவிடம். ஆயினும், மாங்குள வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியிலும் இது காணப்பட்டது. முதுமரங்கள் அருகியமையே இது பழைய கட்டடங்களை நாடக் காரணமென ஆய்வாளர் கூறினர்.

ஆளற்ற வீட்டைச் சித்திரிக்கச் சிலந்திவலையைக் காட்டுவது நம் கதாசிரியர்களின் வழமை. போரையும், இடப்பெயர்வையும், 2004 ஆழிப்பேரலையையும் கண்ட திருகோணமலைக் கரையோரத்தில் இது வெறும் உத்தியன்று. ஆயின் வலை அழிவின் காரணமன்று. நாள்தோறும் கூலியின்றி ஒட்டறை அடித்த பெண்களின் கைகள் அங்கிருந்து அகற்றப்பட்டன என்பதற்கே அது சான்று. வீட்டினுட் புகுந்த சிலந்தியைக் குற்றஞ்சாட்டுமுன், அதன் மரத்தை வீழ்த்தியோர் யாவர், வீட்டின் மாந்தரை வெளியேற்றியோர் யாவர் என வினவுதல் வேண்டும். முன்கூட்டித் திட்டமிடும் ஆற்றல் மனிதனுக்கே உரியதாதலின், இதற்கு விடைகூறும் பொறுப்பும் அவனுக்கே உரியது.